இருட்டு என்று எழுதிய பத்தொன்பது பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம், நாமக்கல்லுக்கு மேற்கே திருச்செங்கோட்டுச் சாலையில் இருந்த ஒரு கல்லூரிக்கு மேலைநாட்டு ஓவியம் வந்து சேர்ந்தது. தபாலில் வந்தது. வரலாற்றுப் பட்டப் படிப்புக்குப் பல்கலைக்கழகம் புதுப் பாடத்திட்டம் போட்டிருந்தது. மூன்றாம் ஆண்டு, ஏழாம் தாள்: 'மேலைநாட்டு ஓவிய வரலாறு, இடைக்காலம் முதல் இக்காலம் வரை.'

முதல்வர் அர்த்தநாரி அந்தச் சுற்றறிக்கையை மூன்று முறை படித்தார். அச்சுப்பிழையாக இருக்கும் என்று ஒரு வாரம் காத்திருந்தார். திருத்தம் வரவில்லை. ஆகவே அதை மயில்சாமியிடம் கொடுத்தார். மயில்சாமி அந்தத் துறையில் கடைசியாகச் சேர்ந்தவன். வேலை இன்னும் தற்காலிகம்தான் என்பதால் மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லாதவன். அதோடு, போன ஆண்டு விழாவுக்கு வளைவில் கல்லூரியின் பெயரை வண்ணத்தில் எழுதி, அதில் எழுத்துப்பிழை விடாதவன். ஓவியத் துறைக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

மயில்சாமிக்கு இருபத்தெட்டு வயது. பரமத்திப் பக்கம் தோட்டமும் கிணறும் உள்ள குடும்பம். தோட்டம் வேண்டாம், லாரி வேண்டாம், வாத்தியார் வேலைதான் வேண்டும் என்று அப்பனோடு மல்லுக்கட்டி வந்தவன். அதுவரை அவன் பார்த்திருந்த மேலைநாட்டு ஓவியம் ஒன்றே ஒன்று. சேலத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் தொங்கிய காலண்டர். பனிமலையும் அதன் கீழே நான்கு மாடுகளும். மாடுகள் நன்றாக இருந்தன.

நூலகத்தில் தேடினான். ஓவியம் பற்றி இருந்த ஒரே நூல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றியது. ஒரு சனிக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறி, செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்குப் பொட்டணம் மடிக்கக் காகிதம் விற்கும் கடையில் நாள் முழுக்கக் குந்தியிருந்து ஒரு புத்தகத்தை மீட்டான். ஆங்கிலப் புத்தகம். மேலட்டை இல்லை. முதல் எண்பது பக்கம் ஏற்கெனவே சீரகமும் கடுகும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்விட்டது. இடைக்காலம் முழுவதும் அந்த எண்பது பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் படங்கள் தப்பித்தன. வழவழப்பான தாள் மடித்தால் நிற்காது என்பதால் கடைக்காரர் அவற்றைக் கிழித்து ஓரமாகப் போட்டிருந்தார். நாற்பத்தெட்டுப் படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை.

மயில்சாமி அவற்றை வரிசைப்படுத்தி, கோந்து போட்டு ஒட்டி, வகுப்புக்குப் போனான்.

வகுப்பில் பத்தொன்பது பேர். வரிசை எண் ஒன்று, சென்றாயன். ஆத்தூர்க்காரன். அவன் தாய் செல்லியம்மாள் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு தோல் உரிப்பவள். சேர்க்கை தொடங்கிய அன்று விடியுமுன்னே மகனைக் கூட்டிவந்து, கதவு திறக்குமுன் வாசலில் நின்றவள் என்பதால் அவனுக்கு ஒன்றாம் எண். வரிசை எண் பத்தொன்பது, கந்தவேல். லாரி முதலாளி மகன். சேர்க்கை முடிகிற நேரத்தில், பம்பாய் லோடு இறக்கிவிட்டு வந்த அப்பனோடு லாரியிலேயே வந்து இறங்கியவன்.

முதல் நாள், ஐந்தாம் படத்தை உயர்த்திக் காட்டினான் மயில்சாமி. நடுவில் ஒரு தாய், மடியில் குழந்தை, சுற்றிலும் ஒல்லி ஒல்லியாக நிற்கும் புனிதர்கள், ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஒரு வட்டம். பின்னணி முழுக்க ஒரே கறுப்பு.

கந்தவேல் எழுந்தான். "ஏனுங் சார், அந்தம்மா கட்டியிருக்கற துணி என்ன நெறமுங்?"

மயில்சாமி படத்தைப் பார்த்தான். சாம்பல் நிறமாக இருந்தது. தெரியாது என்ற சொல் அந்தக் கல்லூரியில் மாணவர்களின் உபயோகத்துக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் எவரும் அதைத் தொட்டதாகக் கேள்வி இல்லை.

"குங்குமச் சிவப்பு," என்றான்.

"பின்னால கறுப்பா இருக்குதுங்ளே?"

"அது ராத்திரி."

சொன்ன மாத்திரத்தில் அவனுக்கே அது பிடித்துப்போனது. இடைக்காலம் என்றால் இருண்ட காலம் என்று எல்லா வரலாற்றுப் புத்தகமும் சொல்லும்போது, ஓவியன் வேறு எதைத் தீட்டுவான்? அடுத்த ஆறு மாதத்தில் அந்த ஒரு சொல் ஒரு தத்துவமாகவே வளர்ந்துவிட்டது. மேலைநாட்டு ஓவியம் என்பது ஒரு நாள். இடைக்காலம், அமாவாசை இரவு. பிறகு இத்தாலிக்காரன் ஜன்னலைத் திறக்கிறான், தூரத்து மலையும் கட்டடமும் சின்னதாகிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடிகின்றன, அது விடியல். டச்சுக்காரன் வீட்டுக்குள் வெளிச்சத்தை அழைத்துவருவது காலை. முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்று வரையிலான படங்கள் ஒரே சாம்பல் கலங்கலாக இருந்தன. குளமா, வைக்கோல்போரா, கோயிலா என்று தெரியவில்லை. "அச்சுல கலங்கிப்போச்சு, அடிச்சுருங்க," என்றான். பத்தொன்பது பேரும் பேனாவை எடுத்து நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியத்தைப் பாடத்திலிருந்து அடித்தார்கள்.

நாற்பத்தாறாம் படத்தில் ஒரு பெண்ணின் மூக்கு ஒரு பக்கமும் இரண்டு கண்களும் இன்னொரு பக்கமுமாக இருந்தன. அதற்கு மயில்சாமி திணறினான். கந்தவேல்தான் கைகொடுத்தான்.

"சந்தையில மாடு பாக்கறாப்பலங் சார். பல்லுப் பாக்கோணும், வாலு பாக்கோணும், மடி பாக்கோணும், கொளம்பு பாக்கோணும். ஒரே எடத்துல நின்னு பாத்தா ஏமாத்திப்போடுவானுங்கொ. இவன் சுத்தி வந்து பாத்துப்போட்டு எல்லாத்தயும் ஒண்ணா எழுதிப்போட்டான்."

அந்த வருஷம் அந்த வகுப்பில் சொல்லப்பட்டவற்றில் முழுக்க உண்மையானது அநேகமாக அது ஒன்றுதான். மயில்சாமியின் நாளுக்கு அது அந்திச் சந்தை ஆனது.

மற்ற நிறமெல்லாம் மயில்சாமி கொடுத்தவை. நாற்பத்தெட்டுப் படங்களுக்கும் கொடுத்தான். ஒரு ராணியின் பாவாடைக்குப் புகையிலைப் பழுப்பு. ஒரு போர்வீரனின் குதிரைக்குச் சேகோ மாவு வெள்ளை. ஜன்னலோரம் நின்று பால் ஊற்றும் டச்சுக்காரப் பெண்ணுக்கு மாந்தளிர் நிற ரவிக்கை, இடுப்பில் லாரித் தார்ப்பாய்ப் பச்சையில் ஒரு துணி. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, எந்தப் படத்துக்கு எந்த நிறம் பொருந்தும் என்று யோசித்து யோசித்துத்தான் கொடுத்தான். போகிறபோக்கில் அள்ளிவிட்ட பொய்யாக அது அவனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. உழைப்பாகத்தான் தோன்றியது.

சென்றாயன் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்வான். கேள்வி கேட்கிறவன் இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டான்.

"ராத்திரின்னா, தலைக்குப் பின்னாடி வட்டமா இருக்குதே சார், அது விளக்கா?"

"ஆமா. அவங்கவங்க வெளக்க அவங்கவங்களே கொண்டாந்திருக்கறாங்க."

சென்றாயன் தலையை ஆட்டிவிட்டு எழுதினான். விடுமுறை மாதங்களில் அவனும் ஆலையில் இரவு வேலை பார்ப்பவன்.

எழுபத்தொன்பது ஏப்ரலில் தேர்வு. ஏழாம் தாளில் இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி: 'இடைக்காலம் முதல் இக்காலம் வரை ஓவியத்தில் வண்ணம் பெற்ற மாற்றங்களை விளக்குக.' வினாத்தாளைப் பார்த்து மயில்சாமி மனங்குளிர்ந்து போனான். பத்தொன்பது பேரும் அமாவாசையில் தொடங்கி அந்திச் சந்தையில் முடித்தார்கள்.

ஜூன் கடைசியில் முடிவுகள் வந்தன. பத்தொன்பது எண்களுக்கு எதிரேயும் 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. கூடவே ஒரு கடிதம். அதைத் தன் அறையில் வைத்து மயில்சாமிக்குப் படித்துக் காட்டினார் அர்த்தநாரி.

"'பத்தொன்பது தேர்வர்களும் இடைக்கால ஓவியங்களின் பின்னணி அமாவாசை இருட்டு என எழுதியுள்ளனர். அப்பின்னணி பொன் தகடு என்பது இத்துறையின் அரிச்சுவடி. ஒரே விதமான இப்பிழை, ஒரே துண்டுச்சீட்டிலிருந்து படியெடுத்தாலன்றி நேர வாய்ப்பில்லை. ஜூலை இருபதாம் தேதி விசாரணை.'" கண்ணாடியைக் கழற்றினார். "பொன்னாமே, மயில்சாமி?"

மயில்சாமி தன் அறைக்குப் போனான். புத்தகத்தை எடுத்து ஐந்தாம் படத்தைத் திறந்தான். ஜன்னலருகே கொண்டுபோனான். வெயிலில் பிடித்தான். சாய்த்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் கறுப்பு. படத்தைப் படம் பிடித்து, அதையும் படம் பிடித்து அச்சிட்டதில் எங்கோ ஓரிடத்தில் பொன் முழுக்க மையாகிவிட்டிருந்தது. உற்றுப் பார்த்தால் தெரியும் என்று வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

மறுநாள் கல்லூரிச் செயலர் சின்னண்ணன் அழைத்தார். நிலமும் நாலைந்து லாரியும் வைத்திருப்பவர். கல்லூரி அவர் காட்டில்தான் தொடங்கி அவர் காட்டிலேயே முடியும். அவருக்கு எல்லாம் ஒரே தடவையில் புரிந்தது.

"ஏப்பா மயிலு, பசங்க காப்பி அடிச்சாங்கன்னு போனா என்ன ஆகும்?"

"ரெண்டு தடவ பரீட்சை எழுத முடியாதுங்கய்யா."

"ஒரு வருசம். போச்சாது, போனாப் போகுது. வாத்தியாரே தப்பாச் சொல்லிக்குடுத்துப் போட்டாருன்னு போனா?"

முதல்வர் பதில் சொன்னார். "அந்தத் தாளுக்கே அனுமதி போயிருமுங்க. பேப்பர்லயும் போடுவான்."

"அப்பறமென்ன. பசங்க ஒரு வருசம் தோட்டத்தப் பாக்கட்டும். ஆகஸ்டுல கமிட்டி கூடுது, உன்ற வேலையவும் நிரந்தரம் பண்ணிப்போடறோம். நீ ஒண்ணும் பொய் சொல்லோண்டாம். கேட்டாச் சொல்லு. கேக்காட்டி உடு."

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று மயில்சாமிக்கு அப்போது பட்டது. பொய் சொல்லச் சொல்லவில்லையே.

ஒரே ஒரு சங்கடம். பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேருக்குத்தான் தோட்டமோ லாரியோ கடையோ இருந்தது. சென்றாயனுக்குச் சூரமங்கலத்தில் ரயில்வே எழுத்தர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. பட்டப் படிப்புச் சான்றை ஜூலை முப்பத்தொன்றுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்தவன். இது மயில்சாமிக்குத் தெரியும். உத்தரவு வந்த அன்று சென்றாயன் அதை முதலில் கொண்டுவந்து காட்டியது இவனிடம்தான். அதற்குப் பிறகும் மயில்சாமி மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

ஜூலை இருபதாம் தேதி காலை ஒரு கறுப்புக் காரில் விசாரணை அதிகாரி வந்தார். சென்னைப் பேராசிரியர். மெலிந்த மனிதர், மரியாதையான குரல், கையில் போர்வை போல் தடித்த ஒரு புத்தகம். முதல்வர் அறையில் உட்கார்ந்து, கடைசி எண்ணிலிருந்து கூப்பிடச் சொன்னார். முதல் ஆள் எப்போதும் பாடம் செய்துகொண்டு வந்திருப்பான் என்பது அவர் அனுபவம்.

மாணவர்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சற்றுத் தள்ளி, மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஆலையில் ஒரு நாள் லீவு கேட்டு, முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். மயில்சாமி வராண்டாவில் நடந்துகொண்டிருந்தான். கேட்டால் சொல்வதற்குத் தயாராக இருந்தான். யாரும் கேட்கவில்லை.

கந்தவேல் உள்ளே போனான். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நேரே மயில்சாமியிடம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங் சார். எல்லாம் நாங்க பேசி வெச்சுப்போட்டம்."

"என்னடா பேசி வெச்சீங்க?"

"நீங்கதான் ராத்திரின்னு சொல்லிக்குடுத்தீங்கன்னு யாரும் வாயத் தொறக்க மாட்டோமுங். ஆளாளுக்குக் காப்பி அடிச்சோம்னு ஒத்துக்கறதுன்னு முடிவு. எங்குளுக்கென்னங், ஒரு வருசந்தான. உங்களுக்கு வேலை போயிருமில்லீங்?"

"யாரப் பாத்து அடிச்சேன்னு சொன்ன?"

"முன்னால இருந்தவனப் பாத்துங். அதான் கரெக்டா இருக்குமுன்னு. எல்லாருக்கும் அதையேதான் சொல்லி வெச்சிருக்கறேன். ஆளுக்கொண்ணு சொன்னா மாட்டிக்குவமுங்."

மயில்சாமி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தான். பிறகு திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தேர்வு நடந்த நீள அறையைப் பார்த்தான். ஒற்றை வரிசை. எண்படி உட்கார வைத்திருந்தார்கள்.

பதினெட்டாம் எண் பதினேழைப் பார்த்து எழுதியதாகச் சொன்னான். பதினேழு, பதினாறை. ஒருவரும் பிசகவில்லை. இவ்வளவு ஒழுங்காக அந்த வகுப்பு வருஷம் முழுக்க எதையும் ஒப்பித்ததில்லை. உள்ளே பேராசிரியர் ஒரு தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தார். பதினொன்றரை மணிக்குக் கோடு மூன்றாம் எண்ணைத் தாண்டியது.

மரத்தடியில் சென்றாயன் கந்தவேலின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கந்தவேலு, நான் யாரப் பாத்து எழுதனேன்னு சொல்றது?"

"முன்னால இருந்தவன…" என்று தொடங்கிய கந்தவேல் அங்கேயே நின்றான்.

"எனக்கு முன்னால கரும்பலகதான் இருந்துச்சு."

கந்தவேலின் முகம் மெல்ல மாறியது. நல்லது செய்யப் போனவனின் முகம் இப்படி மாறுவதை மயில்சாமி அதற்கு முன் பார்த்ததில்லை. "அட கடவுளே," என்றான் கந்தவேல். "அப்ப சீட்டு உன்றகிட்ட இருந்துச்சுன்னு ஆயிருமேடா!"

அப்படித்தான் ஆகியிருந்தது. பார்த்து எழுதினவனுக்கு ஒரு வருஷம். துண்டுச்சீட்டு கொண்டுவந்தவனுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இனி எப்போதும் தேர்வு கிடையாது.

செல்லியம்மாள் எழுந்து வந்தாள். பேச்சு முழுக்க அவளுக்குப் புரியவில்லை. மகன் முகத்தைப் பார்த்துவிட்டு மயில்சாமியிடம் திரும்பினாள்.

"ஐயா, எல்லாரும் எம் புள்ளையப் பாத்து எழுதனாங்கன்னு சொல்றாங்களே. அவன் எதைப் பாத்து எழுதனான்?"

அன்று முழுக்க மயில்சாமியைக் கேட்ட முதல் கேள்வி அது.

"என்னைத்தாம்மா," என்றான்.

பியூன் கண்ணுசாமி வாசலில் வந்து, "ஒண்ணாம் நம்பர்!" என்று கூப்பிட்டார். மயில்சாமி உள்ளே போனான்.

"நீங்கள் ஒன்றாம் நம்பர் இல்லையே," என்றார் பேராசிரியர்.

"இல்லீங்க. அந்தப் பாடம் நடத்தினவன். இருட்டுன்னு சொல்லிக்குடுத்தது நான்தானுங்க. யாரும் யாரையும் பாத்து எழுதலீங்க."

முதல்வர் மேசைக்கடியில் காலை நகர்த்தி மயில்சாமியின் செருப்பை மிதிக்கத் தேடினார். கிடைக்கவில்லை.

பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். குரலில் இரக்கம் இருந்தது. "தம்பி, மாணவர்களுக்காக நீங்கள் இப்படி வந்து நிற்பது பெரிய மனசு. ஆனால் பதினெட்டுப் பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தவிர, ஓர் ஆசிரியர் பொன்னைப் பார்த்து இருட்டு என்று சொல்லுவாரா? நான் நம்பினாலும் பல்கலைக்கழகம் நம்பாது."

மயில்சாமி எதற்கு வேண்டுமானாலும் தயாராகித்தான் உள்ளே வந்திருந்தான். இவ்வளவு முட்டாளாக ஒருவன் இருக்க முடியாது என்று மரியாதையாக மறுக்கப்படுவதற்கு மட்டும் தயாராக இல்லை.

புத்தகத்தைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தான். பேராசிரியர் கிழிந்த முதுகையும் கோந்துக் கறையையும் பார்த்தார். ஐந்தாம் படத்தைத் திறந்தார். தன் தடித்த புத்தகத்தில் அதே படத்தைத் தேடினார். எடுத்துப் பக்கத்தில் வைக்கப் போனவர், மயில்சாமி கையை நீட்டித் தடுத்ததால் நின்றார்.

"எனக்குக் காட்டாதீங்க. இப்பப் பாத்துட்டா, பாத்துட்டு வந்து சொல்றேன்னு ஆயிரும். பரீட்சையில கேக்காத படம் எதாவது ஒண்ணு நீங்களே எடுங்க. பசங்களத் தனித்தனியாக் கூப்புட்டு நெறம் கேளுங்க. துண்டுச்சீட்டுல இருந்து வந்திருந்தா அவங்களுக்குத் தெரியாது. நான் சொல்லிக்குடுத்திருந்தா எல்லாரும் ஒரே தப்பாச் சொல்லுவாங்க."

பேராசிரியர் யோசித்தார். பக்கங்களைத் தள்ளினார். ஜன்னலோரம் பால் ஊற்றும் பெண்ணிடம் நின்றார். "சரி. ஒன்றாம் நம்பர் வரட்டும். நீங்கள் திரும்பி நில்லுங்கள்."

மயில்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். வகுப்பில் அவன் எத்தனையோ பேரை அப்படி நிறுத்தியிருக்கிறான்.

சென்றாயன் வந்தான். கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, இந்தப் பெண்ணின் ரவிக்கை என்ன நிறம் என்று கேட்டார் பேராசிரியர்.

"மாந்தளிர் நிறம்."

"இடுப்பில் இருக்கும் துணி?"

"பச்சை. லாரித் தார்ப்பாய்ப் பச்சை."

"போகலாம். மரத்தடிக்குப் போக வேண்டாம், பக்கத்து அறையில் உட்காருங்கள். ஏழாம் நம்பர்."

"மாந்தளிருங்க. தார்ப்பாய்ப் பச்சைங்க."

"பத்தொன்பது."

"மாந்தளிர்," என்றான் கந்தவேல். உடனே பயந்துபோய், "முன்னால இருந்தவனப் பாத்துச் சொல்றேனுங்," என்றான். அறையில் அவனுக்கு முன்னால் இருந்தவர் பேராசிரியர்தான்.

"துணி?"

"தார்ப்பாய்ப் பச்சைங். நான்கூடக் கேட்டனுங், புதுத் தார்ப்பாயா பழசான்னு. நாலு மழை பாத்ததுன்னு சார் சொன்னாரு."

கதவு சாத்தப்பட்டது. பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பேராசிரியரின் குரல் வந்தது. இரக்கம் அதில் இப்போது இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"ரவிக்கை மஞ்சள். துணி நீலம்."

"சரிங்க," என்றான் மயில்சாமி சுவரிடம்.

"நாற்பத்தெட்டுக்கும் இப்படித்தானா?"

"ஆமாங்க."

"ஒரு கார்டு போட்டிருந்தால் நானே அனுப்பியிருப்பேனே ஐயா. யாரிடமாவது கேட்டிருக்கலாமே."

கேட்கலாம் என்று மயில்சாமிக்குத் தோன்றியதே இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று பார்த்து, விட்டுவிட்டான்.

பேராசிரியர் தாளில் இழுத்திருந்த நீளக் கோட்டைக் குறுக்கே அடித்தார். அந்த ஒரு கேள்விக்கு எவருக்கும் மதிப்பெண் கிடையாது. மற்றவை திருத்தியபடியே நிற்கும். முடிவை வெளியிடச் சொல்லி அன்றே எழுதுவதாகச் சொன்னார். முப்பத்தொன்றாம் தேதியைப் பற்றி மயில்சாமி சொன்னதும், கோப்பைத் தன் கையோடு கொண்டுபோவதாகவும் சொன்னார். சென்றாயனின் கூட்டுத்தொகையைப் பார்த்தார். இருபது போனாலும் தேறினான். மற்றவர்களும் தேறினார்கள்.

"உங்களைப் பற்றியும் நான் எழுதத்தான் வேண்டும்."

"எழுதுங்க."

முதல்வர் எழுந்து அலுவலகத்துக்குப் போனார். சின்னண்ணனுக்கு ஆள் அனுப்பும் சத்தமும், பிறகு தட்டச்சு எந்திரத்தின் சத்தமும் கேட்டன. பேராசிரியரைச் சாப்பிட அழைத்தார்கள். தடித்த புத்தகத்தை எடுத்துக்கொள்ளக் கை நீட்டியவர், எடுக்காமலே போனார்.

மயில்சாமி வராண்டாவுக்கு வந்து பத்தொன்பது பேரையும் கூப்பிட்டான். செல்லியம்மாளும் வந்தாள்.

"எல்லாரும் பாஸுதான். இருட்டுன்னு நான் சொன்னது தப்பு. நெறமெல்லாம் நானே சொன்னதுதான். ஒண்ணும் எனக்குத் தெரியாது."

செல்லியம்மாள் மயில்சாமியை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"எம் புள்ள ஊட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த நெறமெல்லாம் எனக்குச் சொல்லுவானே ஐயா. தெரியாததை எதுக்கு அம்புட்டுச் சிரமப்பட்டுச் சொன்னீங்க?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று வெயிலைப் பார்த்தாள்.

முதல்வர் அறை மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். மயில்சாமி தடித்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தான்.

தாய் சிவப்பில் இல்லை. ஆழ்ந்த நீலத்தில் இருந்தாள். அவளுக்குப் பின்னால், அவள் தலைக்கு மேலே, புனிதர்களின் தோளுக்கு நடுவே, விரல் வைக்க இடமில்லாமல் பொன். அறுவடைக் காலத்து உச்சி வெயிலைச் சுவரில் அடித்துப் பதித்தது போல. அந்த வெளிச்சம் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் விழவும் இல்லை. எல்லாரும் அதற்குள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் நிழல் இல்லை. ஆறு மாதம் கட்டி எழுப்பிய அவன் நாள், விடிய வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் தொடங்கியிருந்தது.

"அடேங்கப்பா," என்றது யாரோ. அது கந்தவேலாக இருக்கலாம். குரல் அவன் குரல் மாதிரி இல்லை.

சென்றாயன் வெகுநேரம் பார்த்தான். பிறகு, யாருக்கோ துரோகம் செய்கிறவன் போல மெதுவாகச் சொன்னான். "இதுவும் நல்லாத்தான் இருக்குது சார். ஆனா எனக்கு ராத்திரின்னு இருந்ததுதான் புடிச்சிருந்துச்சு."

மயில்சாமி தலையை நிமிர்த்தவில்லை. அவனைத் தட்டிக்கொடுக்கலாம், அல்லது மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டும் தோன்றின. இரண்டையும் அந்தப் பொன்னுக்கு முன்னால் செய்யக் கூச்சமாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினான். அதுவும் பொன். அடுத்ததும்.

கண்ணுசாமி தட்டச்சான தாளோடு வந்தார். அன்றிலிருந்து பணியிலிருந்து விடுவிக்கப்படுவதை ஏற்றுக்கொள்வதாக நாலு வரி இருந்தது. தாளை மேசையில் விரித்துப் பேனாவையும் திறந்து கொடுத்தார். மயில்சாமி கண்ணை எடுக்காமலே கையெழுத்துப் போட்டான்.

"அங்க இல்லீங் சார், அது தேதி போடற எடம். கீழீங்."

"இருங்கண்ணா," என்றான் மயில்சாமி. "இந்தப் பக்கத்தப் பாத்துக்கறேன்."